பதினொன்றாவது வளைவு

தரகோனா,
பிப்ரவரி 16.

கடலில் இருக்கும் என் மகன் ஒலெகருக்கு,

அப்பா மஜி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் மனைவி எத்தேரியும் நலம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே சேதி சொல்கிறது. அடுத்த துறைமுகத்தில் இதை உன் கையில் சேர்த்துவிடுவதாகக் கப்பல் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். "போன் இருக்கும்போது எதுக்கு இந்தக் கூத்து?" என்று அம்மா கேட்கிறாள். போனில் உன் முகம் தெரிகிறது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சண்டைதான் சரளமாக வருகிறது. தாள் என்றால் கொஞ்சம் அடங்கி இருக்கிறேன். வழக்கம்போல ஸ்பானிஷில்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது அதை மட்டும்தான். நம் சொந்த மொழியான கத்தலான் வாயோடு சரி.

பின்னறை வேலையை ஈஸ்டர் கழித்துத் தொடங்கப் போகிறேன். நவம்பரில் நீ இறங்கும்போது உங்கள் இருவருக்கும் தனி வீடு தயாராக இருக்கும். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, முற்றத்துக்கு ஒரு கதவு. படம் போட்டுவிட்டேன். ஆள் வைக்கப் போவதில்லை. இந்தக் கொத்தனாருக்கு அறுபத்தெட்டு வயதானாலும் ரசமட்டம் இன்னும் என் பேச்சைக் கேட்கிறது.

இனி உன் மனைவியைப் பற்றி. காலையில் ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். ஒரு நாள் கோட்டைச் சுவர், ஒரு நாள் கடலோர அரங்கம், ஒரு நாள் பஸ் ஏறி, அந்தக் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த பேய்ப் பாலம். மழை, காற்று எதையும் சட்டை செய்வதில்லை. ரோமாபுரிக்காரன் போட்ட கல் எங்கே தெரிந்தாலும் நின்றுவிடுகிறாள். பக்கத்தில் யார் அகப்பட்டாலும் கேள்விதான். இது எந்தக் காலம், இது ஏன் இப்படி வளைந்திருக்கிறது, இதை உங்கள் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள்.

நம் ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே. வெளிநாட்டு உச்சரிப்பு காதில் விழுந்த மாத்திரத்தில் மரியாதையாக ஸ்பானிஷுக்குத் தாவிவிடுவார்கள். கறிக்கடை எர்மென்கோலும் தாவினான். இவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "தயவுசெஞ்சு கத்தலான்லயே பேசுங்க. மெதுவா பேசுங்க. நான் தப்பா சொன்னா திருத்துங்க" என்றாளாம். அவனுக்கு வேர்த்துவிட்டது. காது கேளாதவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையையும் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறான். தெருமுனை வரை கேட்டது. நான்கு துண்டு பன்றி இறைச்சிக்கு அரை மணி நேரம். பின்னால் நின்ற பெண்கள் யாரும் நகரவில்லை, வேடிக்கை பார்த்தார்களாம்.

இதை நான் சிரித்துக்கொண்டே வீட்டில் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஊரைச் சொல்றியே, நீ அவகூட எதுல பேசுற?" என்று கேட்டாள். ஸ்பானிஷில்தான் பேசுகிறேன். பாவம், களைத்து வருகிறாளே என்றுதான். அம்மா வெங்காயத்தைத்தான் முறைத்தாள்.

இப்போது அவளுக்கு நம் தெருமேல் கண் விழுந்திருக்கிறது. ரோமாபுரிக்காரன் தேர்ப் பந்தயம் விட்ட திடலின் வளைவுகள்மேல்தானே நம் தெருவே உட்கார்ந்திருக்கிறது. கடை கடையாகப் போய், "உங்க பின்னறையைப் பாக்கலாமா?" என்று கேட்கிறாள். எர்மென்கோல் வளைவில் தொடைக்கறி தொங்குகிறது; பொத்தான் கடை கிமேத்தா தன் வளைவில் பெட்டி அடுக்கி வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் காலடியால் அளந்து நோட்டில் படம் போடுகிறாள். நேற்று நம் வீட்டுப் பின்னறைக்கும் வந்தாள். "இங்க ஒண்ணும் இல்ல பொண்ணே, வெறும் சுவருதான்" என்றேன். அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கத்தலானில், "ரொம்ப நல்ல பூச்சு" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனாலும் விளக்கை அணைத்து அவளை வெளியே கூட்டிவந்துவிட்டேன்.

நீ போனில் பேசும்போது சொல்லி வை. கல்லை விட்டுவிட்டுக் கத்தலான் வகுப்புப் பாடத்தைப் படிக்கட்டும். குளிர்காற்றில் தொப்பி இல்லாமல் தளத்தில் நிற்காதே.

உன் நலம் கோரும்
அப்பா மஜி


தரகோனா,
மே 11.

ஒலெகர்,

நலம் விசாரிக்கும் வரிகளை அம்மா போனில் சொல்லியிருப்பாள், நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

எத்தேரியின் வகுப்பில் வருடக் கடைசித் தேர்வு ஒன்று வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வருகிறவர்களைக் கூட்டிப்போய் அரை மணி நேரம் கத்தலானில் பேச வேண்டும். கையில் தாள் கூடாது. இவள் தேர்ந்தெடுத்தது நம் தெருவை. நாள் வருகிற 24, சனிக்கிழமை. இதில் தேறினால் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கான படிப்பில் சேரலாமாம். சலவைக்கூடத்து ஆவியிலிருந்து அவளுக்கு விடுதலை.

போன ஞாயிறு வெர்முத் குடித்துவிட்டு மூன்று பேரும் மேசையில் இருந்தோம். அவள் ஒரு பெரிய தாளை விரித்தாள். நம் தெரு முழுக்க அதில் இருந்தது. மேலிருந்து எண் போட்டிருந்தாள். எர்மென்கோல் கடை பத்து, கிமேத்தா கடை பன்னிரண்டு. இரண்டுக்கும் நடுவே நம் வீடு. அங்கே ஒரு வெறும் கட்டம், உள்ளே ஒரு கேள்விக்குறி.

"எல்லாம் ஒரே அகலம், மஜி. நடுவுல சரியா ஒண்ணுக்கு இடம் இருக்கு. உங்க வீட்டுல ஒண்ணு காணோம்" என்றாள்.

நான் ஸ்பானிஷில், "நீ தப்பா அளந்திருப்ப" என்றேன்.

அவள் கத்தலானை விடவில்லை. "நான் அளந்ததுல தப்பு இருக்கலாம். ரோமாபுரிக்காரன் அளந்ததுல இருக்காது" என்றாள்.

அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரத்தையே கழுவினாள். எத்தேரி தாளை மெதுவாக மடித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது உங்க வீடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தேர்வுல அந்த இடத்தைத் தாண்டிப் போயிடுவேன். ஆனா எங்கிட்ட மட்டும் இல்லைன்னு சொல்லாதீங்க. ரெண்டு வருஷமா இந்த ஊர் எனக்கு ஒவ்வொரு கதவா திறந்துச்சு. இந்த வீடு மட்டும் திறக்கல."

அதோடு விட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் இன்னொன்றும் சொன்னாள். உங்கள் கல்யாண விருந்தில், அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில், நான் எர்மென்கோலிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "என் பையன் வீட்டுக்கு ஒரு அலமாரி கொண்டுவந்திருக்கான். அழகா இருக்கு, பேசாது." நீ அன்றைக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் சிரித்ததால் ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்துக்கொண்டாளாம். ஆறு மாதம் கழித்து வகுப்பில் வீட்டுச் சாமான்கள் பாடம் வந்தபோதுதான் புரிந்ததாம். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து உங்களுக்கு சூப் ஊத்துனேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒலெகர், நான் அவமானத்தில் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேசினேன். ஒரு மணி நேரம் பேசினேன். முடித்த பிறகுதான் கத்தலானில் பேசியிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. உனக்குக்கூட இதுவரை சொல்லாததை அவளிடம் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

நீ பிறந்து இருபது நாள். பின்பக்கக் கூரை இறங்கி, அம்மாவும் நீயும் சித்தி வீட்டில் இருந்தீர்கள். நான் இடிபாட்டை அள்ளும்போது பின்சுவர் சரிந்து உள்ளே அந்த வளைவு தெரிந்தது. முழுசாக இருந்தது. தொல்பொருள் ஆபீஸுக்குச் சொன்னால் வேலை நின்றுவிடும். அளப்பார்கள், போவார்கள், மறுபடி வருவார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு அதற்கெல்லாம் காத்திருக்க முடியுமா? சனி, ஞாயிறு இரண்டே நாளில் தனியாகச் சுவர் எழுப்பிப் பூசிவிட்டேன். மூடுவதற்கு முன் விளக்கைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன். கலவையில், அது காயும்வரை அடியில் தாங்கிய சென்ட்ரிங் பலகையின் தடம் வரிவரியாக இருந்தது. அந்தக் காலத்து வேலையாள் ஒருவன் ஏழாவது பலகையைக் கோணலாக வைத்திருக்கிறான். அவன் மேஸ்திரி கவனிக்கவில்லைபோல. அந்தக் கோணல் பலகையை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

அது ஒன்று மட்டும் இல்லை. ஐம்பது வருட வேலையில் எத்தனை மூடியிருப்பேன் என்று எனக்கே சரியாகச் சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். கல் தெரிந்ததும் நாங்கள் மேஸ்திரியைப் பார்ப்போம், மேஸ்திரி வீட்டுக்காரரைப் பார்ப்பார், வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அதற்குமேல் யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சொல்லி முடித்ததும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏழாவதா? எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுனீங்க?"

இப்போது என் நிலைமையைப் பார். அதைத் திறந்தால் உங்களுக்குச் சொன்ன வீடு இல்லை. திறக்காவிட்டால் அந்தப் பெண் 24-ஆம் தேதி ஊர் முன்னால் நம் வாசலைத் தாண்டிப் போவாள், தலை குனிந்து போவாள், என்னைக் காப்பாற்றுவதற்காக. அம்மாவிடம் கேட்டேன். "சுவர் கட்டத்தான் உனக்குத் தெரியும், இடிக்கத் தெரியாதுன்னு நெனச்சு முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிட்டேன்" என்றாள். பதில் அவ்வளவுதான். உன் சம்மதம் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். இது உன்னிடம் சேர்வதற்குள் நாள் கடந்திருக்கும் என்பதும் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கோபப்படுவதானால் என்மேல் படு. அவளை ஒரு வார்த்தை சொல்லாதே.

அப்பா


தரகோனா,
மே 29.

என் பிரியமான மகன் ஒலெகருக்கு,

முதல் வரியிலேயே திகைத்திருப்பாய். ஆமாம், இந்தக் கடிதம் நம் மொழியில்தான் இருக்கிறது. கத்தலானில் நான் எழுதும் முதல் கடிதம். பென்சிலால் திருத்தியிருப்பது உன் மனைவியின் கை. முதல் பக்கத்தில் மட்டும் முப்பத்தொரு தப்பு கண்டுபிடித்தாள். "எர்மென்கோல் கடையில நான் பட்ட பாடு இப்ப உங்களுக்குத் தெரியுதா?" என்கிறாள். எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை, மகனே. பெருமையாக இருக்கிறது.

செய்துவிட்டேன். 13-ஆம் தேதி சட்டையை மாற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். "முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணை மூடினேன், இப்ப சொல்ல வந்திருக்கேன்" என்றேன். அங்கே இருந்த பெண்ணுக்கு வயது உன்னைவிடக் குறைவு. மறுநாளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள், பின்னறைக்கு நான் போட்டிருந்த படத்தைப் பார்த்தாள். "உங்க சுவரை நீங்களே எடுத்துடுங்க, நான் பக்கத்துல இருக்கேன். ரோமாபுரிக்காரங்க சுவரை மட்டும் தொட்டுடாதீங்க" என்றாள். பின்னறையில் வேறு வேலை எதுவும் இப்போதைக்குக் கூடாது என்றும் சொன்னாள். எப்போது ஆகும் என்று அவளுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை இடித்தேன். நன்றாகக் கட்டிய சுவரை இடிப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. யார் கட்டினது என்று திட்டிக்கொண்டே இடித்தேன். எத்தேரி சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடை கூடையாகச் செங்கல் சுமந்தாள். ஆள் நுழைகிற அளவு திறந்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னாலிருந்து அவள் விளக்கோடு வந்தாள். "மஜி, அலமாரி மாதிரி வழியில நிக்காதீங்க" என்றாள்.

அந்த வார்த்தையை அவளே சொல்லிவிட்டாள். பிறகு இருவரும் சிரித்தோம். அம்மா மாடியிலிருந்து, "என்ன இடிஞ்சு விழுந்துச்சு?" என்று ஓடி வந்தாள். சிரிப்போடு சிரிப்பாக நான் அழுததையும் எழுதிவிடுகிறேன், எப்படியும் அம்மா உன்னிடம் சொல்லத்தான் போகிறாள். ஏழாவது பலகையின் கோணல் தடம் அங்கேயே இருந்தது. இடப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும்.

சனிக்கிழமை தெரு நிறைய ஆள். வகுப்புக்காரர்கள், ஆசிரியை, ஏப்ரனோடு எர்மென்கோல், கடையைச் சாத்திவிட்டுக் கிமேத்தா என்று எல்லாரும் வந்திருந்தார்கள். எத்தேரி மேலிருந்து ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். குதிரை எங்கே திரும்பும், ஜனங்கள் எங்கே உட்கார்ந்து கத்துவார்கள், எல்லாம். உச்சரிப்பு அவள் ஊர் உச்சரிப்புதான், தப்பும் இருந்தது. ஒருவரும் ஸ்பானிஷுக்குத் தாவவில்லை. நம் வீட்டுக்குள் கூட்டிவந்து கூரையைக் காட்டும்போது மட்டும் தடங்கினாள். சென்ட்ரிங்குக்கு நம் வார்த்தை அவளுக்கு வரவில்லை. கூட்டத்திலிருந்து யாரோ உதவியாக ஸ்பானிஷில் எடுத்துக்கொடுத்தார்கள். அவள் கையை உயர்த்தினாள். "வேண்டாம், நன்றி. நானே சொல்றேன்."

தெருவே காத்திருந்தது. என் வாயில் அந்த வார்த்தை துடித்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கலவை காயுற வரைக்கும் ஒரு மரம் கூரையைத் தாங்கி நிக்கும். காஞ்சதும் மரத்தை எடுத்துடுவாங்க. ஆனா அது தாங்கின தடம் போகாது. அதோ பாருங்க" என்றாள் அவள்.

பதினாலு வயதில் கொத்துக்கரண்டி பிடித்தவன் நான். என் வேலையை இதைவிட நன்றாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் என் மொழியில், அந்தப் பெண்ணின் வாயில்.

அதோடு முடிப்பாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவர் மஜி. கொத்தனார். இதை மூடினவர் இவர்தான். நேத்து திறந்தவரும் இவர்தான். நான் இவர் வீட்டுப் பொண்ணு" என்றாள். ஊர் என்னைக் கேவலமாகப் பார்க்கும் என்று பதினைந்து நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். முதலில் வாயைத் திறந்தவன் எர்மென்கோல்.

"ஏம்ப்பா மஜி, எங்கப்பா காலத்துல எங்க நிலவறையில ஒண்ணை மூடினியே, எந்த மூலைன்னு ஞாபகம் இருக்கா?"

உடனே கிமேத்தா, "எங்க மாடிப்படிக்குக் கீழயும் இருக்குன்னு எங்கம்மா சொல்லுவா. வந்து பாத்துட்டுப் போ" என்றாள். பிறகு இன்னொருவர், இன்னொருவர். இத்தனை வருடமாக ஒவ்வொருவரும் தனித்தனியாக இதை மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். எத்தேரி அங்கேயே நோட்டைத் திறந்தாள். இப்போது தினமும் மூன்று மணிக்கு மேல் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போகிறோம். நான் இடத்தைக் காட்டுகிறேன், அவள் எழுதுகிறாள். இதுவரை ஒன்பது வீடு. ஆபீஸ் பெண் நேற்று நோட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேர்வில் எத்தேரி தேறியது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். முதலாவதாகத் தேறினாள் என்பதை அவள் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

இனி உங்கள் வீடு. சொன்ன சொல்லை என்னால் காப்பாற்ற முடியவில்லை. பின்னறையை உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன். அதனால் மாடியை உங்களுக்கு விட்டுவிட்டோம். நானும் அம்மாவும் தெருப் பக்கத்தில் இருக்கும் என் பழைய பட்டறைக்கு இறங்கிவிட்டோம். கட்டிலை எர்மென்கோல் வந்து பிடித்தான். முழங்காலுக்கும் படி இல்லாதது நல்லதுதான். நீ இதற்கு மறுப்புச் சொல்லாதே, அம்மா ஏற்கெனவே திரைச்சீலை தைத்துவிட்டாள்.

விருந்தில் நான் சொன்ன வார்த்தைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு எழுந்து போனவன் நீ, உன்னிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. அதை எழுதத்தான் இந்த மொழியில் ஆரம்பித்தேன், நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். அந்த அடித்தல்களை எத்தேரி திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் இருவரும் இன்னும் ஸ்பானிஷில்தான் பேசிக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சந்தித்த நாளிலிருந்து அந்தப் பழக்கம். நவம்பரில் துறைமுகத்தில் இறங்கியதும் அவளிடம் நீ பேசும் முதல் வார்த்தை நம் மொழியில் இருக்கட்டும். அவள் தடங்கினால் எடுத்துக்கொடுக்காதே, காத்திரு. அதற்குப் பிறகு என்னிடம் வா. நானும் தடங்குவேன். எனக்கும் கொஞ்சம் காத்திரு.

கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா
மஜி